திரும்ப வர வேண்டிய நாய்

“வரிசை எண் 15. பொருளின் விவரம்: நாய், ஆண், பழுப்பு நிறம், இடது காது மடங்கியது. அளவு: 1 எண்ணம். நிலை: உபயோகித்தது. அனுப்பும் காரணம்: வளர்ப்பதற்கு.”

இது ஒரு கேட் பாஸின் இளஞ்சிவப்பு நகல். கையெழுத்து என்னுடையது. நான்காம் வகுப்பில் எனக்கு இப்படித்தான், எழுத்தெல்லாம் கோட்டைத் தொடாமல் சற்று மேலே மிதக்கும். தேதிக் கட்டத்தில் 4/8 என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆண்டு, கார்பன் நழுவியதில் அழிந்துவிட்டது. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது உறுதி. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன் என்பதற்கு மதிப்பெண் அட்டை சாட்சி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 2013 என்று வருகிறது. இப்படி ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்வாள். அதைப் பாராட்டாகச் சொல்லமாட்டாள்.

அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையின் ஸ்டோர் கீப்பர். அங்கே ஒரு போல்ட் வெளியே போவதானாலும் கேட் பாஸ் வேண்டும். அதில் இரண்டு வகை. பழுதுபார்க்கப் போகும் மோட்டார், குறித்த தேதிக்குள் திரும்ப வர வேண்டும், அது ரிட்டர்னபிள். விற்றுவிட்ட பழைய இரும்பு போனால் போனதுதான், அது நான்-ரிட்டர்னபிள். ஆலையில் கம்ப்யூட்டர் வந்தபோது பழைய பாஸ் புத்தகங்களைக் கழித்துப் போட்டார்கள். அப்பா அனுமதி கேட்டு நான்கு புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தாளிலும் மேலே இருந்த கம்பெனிப் பெயரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

அந்தப் புத்தகங்களுக்கு வேலை கொடுத்தவர் சித்தப்பா. அவர் எங்களோடுதான் இருந்தார். இன்னொரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் லாரி இடித்துக் கிடக்கும் நாய், ஆலை மூடியதும் கேட்டில் விட்டுப் போன நாய், கால்வாயில் விழுந்த குட்டி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். கட்டுப்போட்டு, கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார். ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடையில் ஒட்டும் அட்டையிலேயே நிபந்தனை இருக்கும்: “நாய் இலவசம். ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கப்படும்.”

கெடு இருபத்தோரு நாள். அதற்குமேல் ஒரு நாயும் எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. பெயர் வைக்கவும் கூடாது. பெயர் வைத்தால் பிரியம் வந்துவிடும் என்பது சித்தப்பாவின் கொள்கை. அதனால் கிடைத்த இடத்தின் பெயரிலேயே கூப்பிடுவோம். பாய்லர், பைபாஸ், ரெண்டாம் நம்பர் கேட். அதெல்லாம் பெயரில்லையா என்று அப்போது யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஒவ்வொரு முறையும் அம்மா ஒரே வசனத்தைச் சொல்வாள்.

“இன்னாங்க, உங்க தம்பி இன்னொண்ணு இட்டுக்கினு வந்துகீறாரு. ஒண்ணு இந்த ஊட்ல நாயி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“இருபத்தோரு நாள் டைம் கீது அண்ணி. அதுக்குள்ள யோசிச்சி சொல்லுங்க” என்பார் சித்தப்பா.

அம்மா கரண்டியை ஓங்குவாள். அடுத்த நிமிடம் நாய்க்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

கெடுவை விதித்தது கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா. ஆந்திர எல்லையில் உள்ள ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்தவர். ஆண்கள் எல்லாரும் அவருக்கு நைனா. “த பாரு நைனா, வர்ற நாயி வரட்டும், போற நாயி போவட்டும். ஊட்டு நாயின்னு ஒண்ணு ஆயிடக் கூடாது. அது பர்மனெண்ட் ஆச்சுன்னா நீங்க டெம்பரவரி ஆயிடுவீங்க” என்று அப்பாவிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தார். அப்பா அந்த நிபந்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைத்திருந்தார்.

எனவே ஒவ்வொரு நாய்க்கும் நான்-ரிட்டர்னபிள் பாஸ். எழுத்து அழகாக இருக்கிறது என்று என்னை நிரப்பச் சொல்வார்கள். நான் நிரப்பியதும் அப்பா ஸ்டோர் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரு தாளை மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. படிக்கட்டுக் கதவின் சாவி அம்மாவிடம் இருந்ததால் செக்யூரிட்டி கட்டம் அவளுக்கு. சித்தப்பா தாளைக் கிழித்து, வெள்ளையை நாயோடு கொடுத்தனுப்புவார். மஞ்சள் அம்மாவுக்கு, அது எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் போய்விடும். இளஞ்சிவப்பு புத்தகத்திலேயே தங்கும்.

பதினைந்தாவதாக வந்தது வேபிரிட்ஜ். லாரிகளை எடை போடும் மேடைக்கு அடியில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு கிடந்ததாம். எடைமேடையில் ஏறிய ஒவ்வொரு லாரியும் பதிமூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது, அதனால்தான் கண்டுபிடித்தோம் என்று சித்தப்பா சொல்வார். நான் இதைப் பல ஆண்டுகள் நம்பினேன். மேடைக்கு அடியில் இருப்பது எடையில் சேராது என்று பிறகு அப்பாதான் விளக்கினார்.

அந்த நாய்க்கு ஒரே ஒரு திறமை இருந்தது. ஆலைச் சங்கு ஊதினால் வானத்தைப் பார்த்துக் கூடவே ஊளையிடும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. சங்கு நின்ற பிறகும் ஒரு நிமிடம் இழுக்கும். மற்றபடி எதற்கும் அசையாது. ஒரு மதியம் பழைய இரும்பு வாங்குபவன் மாடிவரை ஏறிவந்து எங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். வேபிரிட்ஜ் அவனுக்கு வழிவிட்டுப் படுத்துக்கொண்டது.

அதைப் பார்க்க முதலில் வந்தவர் ஒரு லாரிக்காரர். அவருடைய லாரி ரிவர்ஸில் வரும்போது எழுப்பிய சத்தத்திலேயே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வாலைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. வாலை மட்டும் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். அடுத்து ஓர் ஆசிரியரும் மனைவியும் வந்தார்கள். “இது நல்லா காவல் காக்குமா பாப்பா?” என்று ஆசிரியர் என்னைக் கேட்டார்.

“காக்காது சார். தூங்கும்.”

“ராத்திரியில?”

“ராத்திரியிலயும் தூங்கும் சார். எங்க வாளி போயிடுச்சி.”

அவர்கள் போன பிறகு அம்மா என்னை முறைத்தாள். அப்பா மட்டும், “சரக்கோட நிலைமைய உள்ளது உள்ளபடிதான் சொல்லணும்” என்றார். நான் நேர்மைக்காகச் சொல்லவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்த நாய் வேண்டும். முந்தைய பதினான்கும் போனபோது நான் அழுதிருக்கிறேன், ஆனால் சோறு சாப்பிட்டிருக்கிறேன். வேபிரிட்ஜ் என் காலின்மேல் மோவாயை வைத்துத்தான் தூங்கும். கால் மரத்துப் போகும். நகர்த்தமாட்டேன்.

இருபதாம் நாள் பொன்னேரியிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு ரசாயன ஆலையின் கேட்டில் இருபது வருடமாகக் காவல் பணி. நெட்டையாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, நின்றுகொண்டேதான் பேசினார். நான் வாளிக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். “வாளி போனா போவுது பாப்பா. காவலுக்குத்தான் நான் கீறேனே” என்றுவிட்டார். ஊளையையும் சொன்னேன். “சங்கு சத்தத்துக்கு எழுந்துக்குதா? அட, ட்யூட்டிக்காரன் ஊட்டுக்கு ஏத்த நாயி” என்று மகிழ்ந்தார். சித்தப்பா அன்றே பொன்னேரிக்குப் போய்ச் சுற்றுச்சுவர், நிழல், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து, “நம்ம ஊட்ட விட நல்லாக்கீது” என்றார். பொன்னேரிக்காரருக்கு என் வயதில் ஒரு மகள் இருப்பதாகவும் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போக அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பொன்னேரிக்காரர் ஷேர் ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்து காத்திருந்தார். பாஸ் புத்தகம் என் முன்னால். மேலே காட்டிய வரிகளை எழுதினேன். கடைசியில் இரண்டு கட்டங்கள். பதினான்கு முறை நான்-ரிட்டர்னபிளில் டிக் போட்ட கை, பதினைந்தாவது முறை பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. தவறி அல்ல. தெரிந்துதான் போட்டேன். அதனால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை. சாமி உண்டியலில் சீட்டு எழுதிப் போடுவது போல ஒரு காரியம். டிக் போட்டதும் பேனாவைப் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது கையெழுத்துகள் முடிந்திருந்தன. ஆட்டோவும் போய்விட்டது.

அந்த வாரம் வீட்டில் நடந்தவற்றை எனக்குத் தெரிந்தவரை அப்படியே பதிகிறேன். வழக்கமாக ஒரு நாய் போன அன்றே அப்பா அதன் எவர்சில்வர் தட்டைப் புளிபோட்டுத் தேய்த்துப் பரண்மேல் வைப்பார். இந்த முறை தட்டு படிக்கட்டின் ஓரத்திலேயே கிடந்தது. சித்தப்பா இரண்டு மூன்று நாளில் அடுத்த நாயோடு வந்துவிடுவார். இந்த முறை வெறுங்கையோடு வந்தார். “ரோட்ல ஒண்ணுமே கண்ல படல அண்ணி” என்றார். தொழிற்பேட்டையில் நாயைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினால்தான் உண்டு.

நான் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில், நாய் படுத்த இடத்தில் படுத்துக்கொண்டேன். அம்மா குனிந்து பார்த்து, “இன்னாடி இது பேஜாரு! பதினெட்டாந்தேதி வரைக்கும் இப்டியே அழுதுக்கினு இருக்கப் போறியா? எழுந்து வா, நாஷ்டா ஆறுது” என்றாள். பதினெட்டாம் தேதி என் பிறந்த நாள். அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கீழ்வீட்டில் வேறொரு சிக்கல் முளைத்தது. வீட்டுக்காரம்மாவின் மகனுக்கு ஆறு மணி ஷிப்ட். ஆலைச் சங்குக்கு எழாத அவன், எங்கள் நாயின் ஊளைக்கு எழுந்து பழகியிருந்திருக்கிறான். சங்கு ஊதியபின் எழுந்தால் எப்படி ஆறு மணிக்கு வேலைக்குப் போவான் என்று இப்போது யோசித்துக் குழம்புகிறேன். ஐந்தரைக்கு ஓர் எச்சரிக்கைச் சங்கும் இருந்ததாகச் சித்தப்பா சொல்கிறார். எப்படியோ, நாய் போன முதல் வாரத்திலேயே அவன் இரண்டு நாள் ஷிப்டைத் தவறவிட்டு ஆலையில் மெமோ வாங்கினான்.

ஆகஸ்ட் பதினெட்டு, ஞாயிறு. காலை பத்து மணி. அம்மா எனக்காகக் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். கீழே ஆட்டோ சத்தம். அதற்குமேல் ஒரு குரைப்பு. நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். வேபிரிட்ஜ் என்னைக் கீழே தள்ளி முகமெல்லாம் நக்கியது. பின்னால் பொன்னேரிக்காரர், அதே இஸ்திரிச் சட்டையில், கண் சிவந்து நின்றார். கையில் வெள்ளைப் பாஸ், நான்காக மடித்து.

மேலே வந்து அதை அப்பாவிடம் நீட்டினார்.

“சார், ரிட்டர்னபிள்னு போட்டுக்கீது. இன்னிக்குத் தேதி. அன்னிக்கு நான் கவனிக்கல, ஊட்டுக்குப் போயிதான் படிச்சேன். எம் பொஞ்சாதி, பரவால்ல வெச்சிக்கலாம்னுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். கேட்ல நின்னு எத்தினி பேர மடக்கிக்கீறேன்! எங்க ஊட்டு மேட்டர்ல மட்டும் டேட்டு தாண்டினா மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“என் கையெழுத்துதான்” என்றார்.

“அப்போ ரிட்டர்ன் எடுத்துத்தான் ஆவணும் அண்ணாத்த. ரூல்னா ரூல்தான்” என்றார் சித்தப்பா, கூரையைப் பார்த்தபடி.

அம்மா அடுப்பிலிருந்து குரல் கொடுத்தாள். “இந்த ஊட்ல செக்யூரிட்டி யாரு? உள்ள வர்ற சாமானுக்கு நான்தான எண்ட்ரி போடணும்? போட்டுக்கறேன். மொதல்ல அதுக்குத் தண்ணி வைங்க, நாக்கு தொங்குது பாவம்.”

தண்ணீர் வைக்கத் தட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கீழே ஆட்டோவில் இன்னொருவர் இருப்பதைக் கண்டேன். பொன்னேரிக்காரரின் மகள். இறங்கவே இல்லை. அழுது அழுது மூக்கு வீங்கியிருந்தது. நான் இறங்கி அருகே போனதும், “முட்ட குடு அதுக்கு. வெள்ள மட்டும். மஞ்சக்கரு குட்த்தா துப்பிடும்” என்றாள். இருபத்தோரு நாள் வைத்திருந்த எனக்கு அது தெரியாது. பதினான்கு நாளில் அவள் கண்டுபிடித்திருந்தாள். பிறந்த நாள் கேசரியில் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

இதற்குள் வீட்டுக்காரம்மா மேலே வந்துவிட்டார். “இன்னா நைனா, போன நாயி வந்துகீது?”

அப்பா பாஸை நீட்டி விளக்கினார். வீட்டுக்காரம்மா விளக்கத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வாங்கிய மெமோ அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். “கத்துதா இன்னும்? கார்த்தால?” என்று கேட்டார்.

“பொன்னேரில சங்கு இல்லம்மா. அதுவே டைமுக்குக் கத்திச்சு” என்றார் பொன்னேரிக்காரர்.

“ஆனா ஊட்டு நாயி ஆவக் கூடாது நைனா. சொன்ன சொல்லு சொன்னதுதான்” என்றார் வீட்டுக்காரம்மா. குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் எட்டு வருஷமா அந்தக் கம்பெனில கீறேன். இன்னும் டெம்பரவரிதான். எப்டின்னு கேளுங்க. கெடு முடியறதுக்குள்ள பத்து நாள் பிரேக் குட்த்து ஊட்டுக்கு அனுப்பிடறாங்க. திரும்பப் போனா புது ஆளுன்னு எழுதிக்கறாங்க. அத்தயே இதுக்கும் பண்ணிடலாம். மூணு மாசத்துக்கு ஒரு தபா பொன்னேரில பிரேக். பர்மனெண்டே ஆவாது.”

பிறகு பொன்னேரிக்காரர், “எத்தினி நாளு பிரேக் சார்? பத்தா? பாஞ்சா வெச்சிக்கலாமே?” என்று பேரத்தில் இறங்கினார். பதினான்கில் முடிந்தது. அப்பா புதிய பாஸ் எழுத உட்கார்ந்தார். ஆட்டோவில் இருந்த பெண் கடைசியில் இறங்கி மேலே வந்தாள்.

வேபிரிட்ஜ் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தற்காலிகமாக இருந்துவருகிறது. புத்தகங்களில் அதன் பெயரில் நாற்பத்தெட்டு பாஸ்கள் உள்ளன, எல்லாம் ரிட்டர்னபிள். சித்தப்பா இன்னும் பர்மனெண்ட் ஆகவில்லை. அவருக்கும் பிரேக் உண்டு. இரண்டு பிரேக்கும் ஒன்றாக வந்தால் நாயோடு அவரும் பொன்னேரிக்குப் போய்விடுவார். நாய்க்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. சங்கு ஊதி முடிந்து வெகுநேரம் கழித்து, ஏதோ நினைவு வந்தது போல எழுந்து ஊளையிடுகிறது. வீட்டுக்காரம்மாவின் மகன் அதை நம்பி ஷிப்டுக்குப் போவதில்லை, செல்போன் வாங்கிவிட்டான். ஆனாலும் நாயை அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதை எழுதும் இன்று அது பிரேக்கில் இருக்கிறது. வருகிற ஞாயிறு திரும்ப வேண்டும்.

மூன்று பெரியவர்களை ஒரு டிக்கில் ஏமாற்றிவிட்டேன் என்ற குற்றவுணர்வும் கொஞ்சம் கர்வமும் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தன. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது முதல் புத்தகம் கிடைத்தது. பதினைந்தாம் தாளைப் பார்த்தேன். ரிட்டர்னபிள் கட்டத்தில் என் டிக். அதற்குக் கீழே, “திரும்ப வர வேண்டிய தேதி” என்ற இடத்தில் 18/8.

நான் தேதி எதுவும் எழுதவில்லை. ரிட்டர்னபிள் என்றால் தேதி போட வேண்டும், தேதி இல்லாத பாஸ் செல்லாது என்பதே எனக்கு அப்போது தெரியாது. செல்லாத ஒரு பாஸை, ஆட்டோ கிளம்புவதற்குள், யாரோ செல்லும்படி ஆக்கியிருக்கிறார்கள். அதுவும் அந்த வீட்டில் இருந்த மூவருக்குமே நன்றாகத் தெரிந்த ஒரு தேதியைப் போட்டு.

எண்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு முறுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற எட்டு, கேஸ் சிலிண்டர் வந்த நாளை அம்மா காலண்டரில் எழுதும் எட்டைப் போலிருக்கிறது. 1 என்ற எண்ணின் தலையில் இருக்கும் சின்னக் கொக்கி அப்பாவுடையது. நடுவில் இருக்கும் சாய்ந்த கோட்டைச் சித்தப்பா மட்டும்தான் இவ்வளவு அழுத்திப் போடுவார். மஞ்சள் நகல் இல்லை. எண்ணெயில் ஊறிக் கிழிந்து என்றோ குப்பைக்குப் போயிருக்கும். வெள்ளை நகல் பொன்னேரியில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். “நீயே எழுதிட்டு மறந்திருப்ப, போ” என்றார் சித்தப்பா. “நான் செக்யூரிட்டி. செக்யூரிட்டி எந்தக் காலத்துல படிச்சிருக்கான்? கையெழுத்து மட்டும்தான்” என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, “அன்னிக்கு ஏதோ அவசரம். படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு எழுதிக்கோ” என்றார்.

அப்படியே எழுதியிருக்கிறேன். 18/8 யார் கையெழுத்து என்பது இன்னும் உறுதிப்படவில்லை.